நீலம் பாய்ந்த கோடாலி

2023 பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒழித்தபோது, தொழுவத்து மூலையில் தேய்ந்த உலக்கைக்கும் ஓட்டை அண்டாவுக்கும் நடுவில் அது கிடந்தது. காம்பை முக்கால்வாசி கரையான் தின்றிருந்தது. தூக்கியதும் மிச்சமும் பொடிந்து, தலை மட்டும் என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. "அது ஒங்க தாத்தா கோடாலி, கால்ல போட்டுக்காத" என்றாள் அப்பத்தா, திண்ணையில் இருந்தபடியே. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விழுந்த சத்தமே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அந்தத் தலையைத் திரும்ப வேலைக்குக் கொண்டுவர ஐந்து மாதம் பிடித்தது. அதில் பெரும்பகுதி, ஐந்து நிமிடத்தில் நானாகத் தேடிக்கொண்ட ஒரு கெடுதலைச் சரிசெய்வதிலேயே போனது. அந்தக் கெடுதல்தான் இரும்பைப் பற்றி எனக்கு ஏதாவது கற்றுத்தந்தது என்பதால் அதை விரிவாகவும், மற்றதைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர் பக்கம். மழை பெய்தால் விவசாயம், பொய்த்தால் கரிமூட்டம். 1877 வாக்கில் சென்னை மாகாணத்துக்குள் வந்த சீமைக்கருவேலம், எங்கள் கண்மாய்களையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்ட பிறகு, ஊரில் பாதிப் பேருக்கு அதை வெட்டுவதே பிழைப்பு. வெட்டிய கட்டையைக் குவித்து, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காற்று அதிகம் போகாமல் நாள்கணக்கில் புகையவிட்டால் கரி. தாத்தா அந்தக் கட்டை வெட்டுகிற ஆள். தீபாவளிக்கு முன்பணம் வாங்கிவிட்டுச் சித்திரை வரைக்கும் வெட்டிக் கழிப்பார். மரத்தோடு விடமாட்டார்கள், தூரையும் தோண்டிப் பிளந்து கொடுக்க வேண்டும். இடது ஆள்காட்டி விரலில் அவருக்கு நகம் கிடையாது. 1994-இல் போய்ச் சேர்ந்தார். கோடாலி அன்றிலிருந்து தொழுவத்தில்.

பழைய கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் முன்னோரின் உடல் உரம், இரும்பு நெஞ்சு என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கூச்சம் உண்டு. தாத்தாவிடம் அன்றைக்கு யாராவது ஒரு மோட்டார் ரம்பத்தைக் கொடுத்திருந்தால் கோடாலியைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்திருப்பார். அவருடைய உரம் பாதி வறுமை. ஆனாலும் அந்த வறுமைக்குள் ஒரு கருவியை முப்பது வருஷம் வேலை செய்யவைத்திருக்கிறார். எப்படி வைத்திருந்தார் என்பது அந்த இரும்பிலேயே இருக்கும் என்று தோன்றியது. அதனால்தான் பழைய இரும்புக்காரரிடம் போடவில்லை.

தலையில் என்ன இருந்தது

துருவோடு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, நாலு விரற்கடைக்கு மேல் அகலம். வாயின் இரண்டு முனைகளில் காம்பைவிட்டுத் தள்ளியிருப்பது வட்டமாகத் தேய்ந்திருந்தது. தரையோடு தரையாகத் தூர் வெட்டுகிற கோடாலி அப்படித்தான் தேயும். ஓங்கி இறக்கும்போது அடி தாழ்ந்துவிட்டால் முதலில் மண்ணையும் கல்லையும் தொடுவது அந்த முனைதான். பின்பக்கம், அதாவது பிடங்கு, காளான் குடைபோலப் பிதுங்கியிருந்தது. தூருக்குள் கோடாலியை இறக்கி அதன் மேல் சம்மட்டியால் அடித்திருக்கிறார்கள். பிடங்குக்குப் பக்கத்தில் மூன்று உளிக்கீறல், ஒன்றன் கீழ் ஒன்றாக. அடித்த கொல்லரின் அடையாளமாக இருக்கும் என்று நினைத்தேன். ஸ்வீடனில் 1902 முதல் நடக்கும் கிரான்ஸ்ஃபோர்ஸ் பட்டறையில் ஒவ்வொரு கோடாலியிலும் அதை அடித்தவரின் பெயர் எழுத்துகளைப் பதித்து அனுப்புகிறார்கள். இங்கே மூன்று கீறல். யாருடையது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை.

காம்பு நுழையும் துளையை எங்கள் வீட்டில் காது என்போம். அதற்குள்தான் சுவாரசியமே இருந்தது. பழைய காம்பின் துண்டு உள்ளேயே இறுகிப்போயிருந்தது. இதை எடுக்கச் சிலர் தலையோடு தூக்கி அடுப்பில் போட்டு மரத்தை எரித்துவிடுவார்கள். வாயில் இருக்கும் பதமும், அதாவது காய்ச்சி ஏற்றிய கெட்டியும், சேர்ந்து போய்விடும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வாயை ஈரமண்ணில் புதைத்துவிட்டுக் காதுக்கு மட்டும் நெருப்பு வைப்பார்கள். எனக்கு அதுவும் வேண்டாம் என்று பட்டது. துளைப்பானால் நாலைந்து ஓட்டை போட்டு, உளியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தேன். உள்ளேயிருந்து வந்தவை: ஒரு மர ஆப்பு, அதன் பக்கத்தில் தகர டப்பாவில் வெட்டிய ஒரு பட்டை, வெவ்வேறு அளவில் மூன்று ஆணி, மடித்துச் செருகிய சைக்கிள் டியூப் துண்டு. தலை ஆட்டம் கண்ட ஒவ்வொரு தடவையும் கையில் கிடைத்ததைச் செருகிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். புதுக் காம்பு போட அரை நாள் ஆகும், அரை நாள் என்பது அரைக் கூலி. அந்தச் சைக்கிள் டியூப்பை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

துருவுக்கு வினிகர். கடையில் கிடைக்கும் 5 சதவீத வினிகரைப் பழைய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, தலை முழுகும்படி ஒரு ராத்திரி ஒரு பகல். அப்புறம் தேங்காய் நாரால் தேய்த்து, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து, உடனே அடுப்பு மேட்டில் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். தாமதித்தால் கண்ணெதிரே மறுபடி சிவக்கும். மின்சாரம் விட்டுத் துருவெடுக்கும் முறையும் உண்டு. அதில் எதிர்த்தகடாகச் சாதாரண இரும்பைத்தான் வைக்க வேண்டும். பளபளப்பாக இருக்கிறதே என்று எவர்சில்வர் கரண்டியைத் தொங்கவிட்டால் அதிலுள்ள குரோமியம் நஞ்சாகித் தண்ணீரில் இறங்கும். செய்கிறவர்கள் கவனம்.

சிவப்புத் துரு போனதும் அடியில் கறுப்பு வந்தது. அதுவும் துருதான், ஆனால் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதைக் காக்கும் வகை. அதைச் சுரண்டிக் கண்ணாடிபோல ஆக்குகிறவர்கள் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும், வேலைக்கு ஆகாது. நான் விட்டுவிட்டேன்.

வினிகர் இன்னொன்றும் காட்டியது. வாய்விளிம்புக்குச் சற்று மேலே, அலை கரையில் விட்டுப்போகும் கோடு மாதிரி ஒரு வளைகோடு. கோட்டுக்கு மேலே வெளிறிய சாம்பல், நார்நாராக, விறகைப் பிளந்த முகம்போல. கீழே அடர்ந்த கருஞ்சாம்பல், நார் எதுவும் இல்லாமல். மேலே இருப்பது பச்சிரும்பு, கீழே இருப்பது உருக்கு. பச்சிரும்பை மடித்துக் காது செய்து, வாயில் மட்டும் உருக்கை வைத்து உலைச்சூட்டில் அடித்தே ஒட்டியிருக்கிறார் அந்த மூன்று கீறல்காரர். உருக்கு விலை கூடுதல், அதனால் தேவையான இடத்துக்கு மட்டும். பச்சிரும்பு மெத்தென்று இருப்பதால் அடியின் அதிர்ச்சியைத் தாங்கும், உடையாது. உருக்கு வெட்டும். அரத்தை வைத்துப் பார்த்தேன். மேலே நன்றாகக் கடித்தது, கீழே அவ்வளவாகக் கடிக்காமல் வழுக்கியது. நல்ல பதத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

விளிம்பிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் அளந்தேன். நடுவில் 27 மில்லிமீட்டர், தேய்ந்த முனையில் 14. இந்தக் கோடாலியின் மிச்ச ஆயுள் அவ்வளவுதான். அதைத் தாண்டித் தீட்டினால் கத்தி பச்சிரும்பாகிவிடும், வெண்ணெய் வெட்டலாம்.

ஐந்து நிமிடம்

இவ்வளவையும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, சாணை பிடிக்க டவுனில் ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். எங்கே என்பது முக்கியமில்லை, கொடுத்தது நான். கேட்டுக்கு வெல்டு வைக்கிற பையன் கையில் வட்டக்கல் மெஷின். "ரெண்டே நிமிசம்ணே" என்றான். பொறி மத்தாப்பு மாதிரி பறந்தது. நான் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். வாய் வெள்ளி மாதிரி மின்னியது. எண்பது ரூபாய்.

வீட்டுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தேய்ந்த முனைப்பக்கம், ஒரு அங்குலத்துக்கு, மயில் கழுத்து நிறம். அழகாகக்கூட இருந்தது. சந்தேகத்தோடு ஒரு கட்டைக் காம்பை மாட்டி, காய்ந்த சீமைக்கருவேலக் கிளையில் நாலு போடு போட்டேன். நாலாவது போட்டில் அந்த முனை சிகரெட் அட்டைத் தாள்போல மடங்கியது. அரத்தை வைத்தேன். காலையில் வழுக்கிய இடத்தில் இப்போது கடித்தது.

நடந்தது இதுதான். கெட்டிப்படுத்திய உருக்கைச் சூடுபடுத்தினால் மேற்பரப்பில் நிறம் மாறிக்கொண்டே போகும். 220, 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 260 வாக்கில் பழுப்பு, 280-இல் ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். நிறம் ஏற ஏறக் கெட்டி குறையும். நீலம் சுருள்வில்லுக்குச் சரி, கோடாலி வாய்க்குச் சரியில்லை. வாய்விளிம்பு மெல்லியது, சூட்டை வாங்கி அனுப்ப அங்கே சதை இல்லை. மெஷின் கல் அரை நிமிடம் அங்கேயே நின்றால் போதும். கல்லில் தண்ணீர் விட்டு, கையால் தொட்டுப் பார்த்து, சூடு தெரிந்தால் நிறுத்தி நிறுத்திச் செய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பையனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், படித்திருந்தேன், ஆனாலும் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வழி இருந்தது. நீலம் பாய்ந்த பகுதியை அரத்தால் ராவித் தள்ளிவிடலாம். அந்த முனையில் இருந்ததே 14 மில்லிமீட்டர் உருக்கு, அதில் எட்டு பத்து போய்விட்டால் மிச்சம் என்ன? இல்லையென்றால் முழு வாயையும் மறுபடி காய்ச்சிப் பதம் வைக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும்.

உலை

கமுதி போகிற வழியில் ஒரு கொல்லாசாரி இன்னும் உலை வைத்திருக்கிறார் என்று மாமா சொன்னார். எழுபதைத் தாண்டியவர். துருத்தி போய் மோட்டார் ஊதி வந்திருக்கிறது, மற்றபடி பட்டறைக்கல், குறடு, சம்மட்டி எல்லாம் அவருடைய அப்பா வைத்திருந்தவை. வருஷத்தில் மாசி, பங்குனியில் அரிவாள் காய்ச்சி அடிக்கிற வேலை வரும், ஆடிக்கு முன்னால் கொழு. மற்ற நாளில் சும்மா உட்கார்ந்திருப்பேன் என்றார்.

கோடாலியை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பினார். "நீலம் பாஞ்சு போச்சே தம்பி. மெசினா?"

"ஆமாங்கய்யா."

"உருக்கு நல்ல உருக்கு. வாயி செத்துப் போச்சு, அவ்ளோதான். எழுப்பிரலாம்." கீறல்களைக் கட்டை விரலால் தடவினார். யாருடைய அடையாளம் என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். "ராம்நாட்டு ஆளு போட்டதா இருக்கலாம். மூணு கோடுன்னா கூலி பாக்கின்னும் அர்த்தம் உண்டு" என்று சொல்லிச் சிரித்தார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

உலைக்குப் போட்டது சீமைக்கருவேலக் கரி. நிலக்கரி ஏன் வேண்டாம் என்றேன். "அது இரும்பைக் கெடுக்கும்" என்று முடித்துக்கொண்டார். நிலக்கரியில் கந்தகம் உண்டு, சூட்டில் அது இரும்புக்குள் ஏறினால் அடிக்கும்போது வெடிப்பு விடும். மரக்கரியில் அந்தத் தொந்தரவு இல்லை. தாத்தா வெட்டிய மரத்தின் வம்சத்துக் கரிதான் அவருடைய கோடாலியைக் காய்ச்சியது.

கொட்டகை இருட்டாக இருந்தது, கதவையும் பாதி சாத்திவிட்டார். சூட்டை நிறத்தால் பார்க்கிறவருக்கு வெயில் ஆகாது. முதலில் பிடங்கின் பிதுங்கலை அடித்து உள்ளே தள்ளினார், மடங்கிய முனையைத் தட்டி நேராக்கினார். அப்புறம் வாயை மட்டும் கரிக்குள் வைத்து மெதுவாக ஊதினார். செம்பருத்தி நிறம் வரணும் என்றார். இரும்பு 770 டிகிரியைத் தாண்டினால் காந்தம் ஒட்டாது, அதற்குக் கொஞ்சம் மேலே போனதும் தண்ணீரில் விட வேண்டும் என்று படித்துவிட்டு, நான் ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி எடுத்துப் போயிருந்தேன். அவர் தலையசைத்த அதே நொடியில் நீட்டிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"என்ன சொல்லுது?"

"ஒட்டலைங்கய்யா."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது."

தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்து இரும்பை முக்கி முக்கி ஏறிய சூடு. பச்சைத் தண்ணீரில் விட்டால் வாய் கீறிவிடும் என்றார். ஒன்றரை அங்குலம் மட்டும் தண்ணீரில் இறக்கி, ஒரே மட்டத்தில் நிறுத்தாமல் மேலும் கீழுமாக லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரே இடத்தில் நிறுத்தினால் கெட்டிக்கும் மெத்தென்றதுக்கும் நடுவே கோடு போட்டதுபோல எல்லை விழும், பின்னால் அந்த எல்லையில் உடையும். அடுத்து செய்ததைத்தான் பார்க்க வேண்டும். வாய் மட்டும் குளிர்ந்த நிலையில் வெளியே எடுத்து, செங்கல் துண்டால் நாலு இழுப்பு இழுத்துப் பளிச்சென்று ஆக்கினார். உடம்பில் இன்னும் சூடு இருக்கிறது அல்லவா, அது மெதுவாக வாயை நோக்கி இறங்கியது. இறங்க இறங்க, தேய்த்த இடத்தில் நிறங்கள் ஊர்ந்தன. முதலில் நீலம் காதுப்பக்கமிருந்து எட்டிப் பார்த்தது, அதற்கு முன்னால் ஊதா, அதற்கு முன்னால் பழுப்பு, எல்லாவற்றுக்கும் முன்னால் மஞ்சள். நெல் காயப்போட்ட களத்தில் மேக நிழல் நகர்கிற மாதிரி. மஞ்சள் விளிம்பைத் தொட்டது. அவர் அசையவில்லை. பழுப்பு வந்து, அதில் ஊதா ஏறப் போகிற நேரத்தில் முழுத் தலையையும் தண்ணீருக்குள் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இதைத்தான் தொவைச்சல் என்கிறார்கள். மெஷின் கல் கவனமில்லாமல் கொண்டுவந்த அதே நிறங்கள், இங்கே அவர் வேண்டும் என்ற இடத்தில் நின்றன.

அறுநூறு ரூபாய் கேட்டார். கூட இருநூறு வைத்துக் கொடுத்தேன். "இனிமே அரம் போடு. மெசினு வேணாம்" என்றார்.

அரம்

கோடாலியை மேசையில் இறுக்கி, அரத்தை விளிம்புக்கு எதிராகத் தள்ளித் தீட்ட வேண்டும். கைக்குக் கெட்டித் துணியோ தோலுறையோ கட்டாயம், நழுவினால் போகிற இடம் கத்திதான். திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பல் மழுங்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து 30 டிகிரி வருமாறு அட்டையில் ஓர் அளவு வெட்டி வைத்துக்கொண்டேன். மெத்தென்ற மரத்துக்கு 25 போதும். கருவேலம், புளி என்றால் அவ்வளவு மெலிந்த வாய் நிற்காது. தட்டையாகத் தீட்டாமல் மீன் வயிறுபோல லேசாகப் புடைத்திருக்கும்படி விட்டேன், அப்போதுதான் கட்டையில் சிக்காமல் விடுபடும். கடைசியாகத் தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டு வட்டமாகத் தேய்த்தது. மொத்தம் இரண்டு மாலை.

ஆலத்தூர் கிழார் பாடிய ஒரு புறநானூற்றுப் பாட்டில், கருவூரை முற்றுகையிட்டவர்கள் காவல்மரங்களை வெட்டும் கோடாலி வருகிறது: "கருங்கைக் கொல்லன் அரஞ்செய் அவ்வாய் நெடுங்கை நவியம்". கொல்லன் அரத்தால் ராவிய வாய், நீண்ட காம்பு. பள்ளியில் படித்தபோது அரம் என்ற சொல் கண்ணில் படவே இல்லை. கமுதி வழியில் அந்தப் பெரியவரும் கத்தி என்று சொல்லவில்லை, கூர் என்றும் சொல்லவில்லை. வாயி என்றுதான் சொன்னார்.

காம்பு

இதில் வீட்டில் ஒரு சண்டை வந்தது. தொழுவத்துப் பரணில் பழைய ஏர்க்கால் ஒன்று கிடந்தது, நாட்டுக் கருவேலம், நாற்பது வருஷம் காய்ந்த மரம். இதைவிட நல்ல காம்பு கிடைக்காது என்று ரம்பத்தை எடுத்தேன். அப்பா பிடுங்கி வைத்துவிட்டார். "ஏரை வெட்டிக் கோடாலிக்குக் காம்பு போடுறவனை இப்பத்தான் பாக்குறேன்." குலத்தைக் கெடுக்கும் கோடாலிக்காம்பு என்கிற வசை யாருக்குப் பொருந்துகிறது என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் தெளிவாக இருந்தது. அவர் சொன்னது சரி. ஒரு பழங்கருவியை எழுப்ப இன்னொன்றைக் கொல்வது என்ன மீட்பு?

முன்பு மாட்டுவண்டி செய்துகொண்டிருந்த ஒரு தச்சரிடம், ஏழெட்டு வருஷமாகப் பரணில் கிடந்த கருவேலங் கட்டை கிடைத்தது. ரம்பத்தால் அறுத்ததைவிட ஆப்பு வைத்துப் பிளந்தது நல்லது. பிளக்கும்போது மரம் தன் நரம்போடு போகும், நரம்பு காம்பின் முழு நீளத்துக்கும் ஓடும். குறுக்கே ஓடி வெளியேறும் நரம்பு இருந்தால் என்றைக்காவது அந்த இடத்தில் ஒடியும். வெட்டுமுகத்தில் தெரியும் வளையக் கோடுகள் கோடாலி வாய் நோக்கும் திசையிலேயே ஓட வேண்டும். இந்த விவரமெல்லாம் அமெரிக்க வனத்துறை 1999-இல் வெளியிட்ட ஒரு கோடாலிக் கையேட்டில் இருக்கிறது. அங்கே 1964-ஆம் வருஷச் சட்டப்படி காக்கப்படும் காடுகளுக்குள் மோட்டார் கருவிக்குப் பொதுவாக அனுமதி இல்லை. பாதையில் விழுந்த மரத்தை வெட்டக் கோடாலியும் இரட்டைக் கைப்பிடி ரம்பமும்தான். அதனால் ஒரு அரசாங்கம் கோடாலிக்குப் பாடம் எழுத வேண்டி வந்தது. எங்கள் தச்சருக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை. கட்டையைக் கையில் எடுத்ததுமே திருப்பிப் பார்த்தது வெட்டுமுகத்தைத்தான்.

வாய்ச்சியால் செதுக்கி, இழைப்புளி போட்டு, கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கினோம். நீளம் எவ்வளவு என்பதில் குழப்பம். அப்பத்தாவைக் கேட்டேன். "தலையை உள்ளங்கையில வச்சா அடிக்காம்பு அக்குளுக்கு வரணும். ஒங்க தாத்தாவுக்கு அப்படித்தான்." என் கைக்கு அளந்தால் 71 சென்டிமீட்டர். தாத்தா என்னைவிடக் குட்டை. அவருடைய காம்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று இனி அளக்க வழியில்லை, அந்த அளவு கரையான் வயிற்றில்.

மாட்டுகிற விதம் எனக்குப் பிடித்தது. காம்பைக் காதுக்குள் நுழைத்து, தலை கீழே தொங்கும்படி அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, காம்பின் அடியில் மரச்சுத்தியால் ஓங்கித் தட்ட வேண்டும். தலை கீழே விழாது, தட்டத் தட்டக் காம்பில் மேலே ஏறும். கனமான தலை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, லேசான காம்பு அதற்குள் புகுந்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மந்திரம் என்று நினைத்து இன்னொரு தடவை தட்டச் சொன்னார்கள். தலை நின்ற பிறகு, காம்பின் உச்சியில் முன்பே அறுத்து வைத்த பிளவில் ஆப்பு. ஆணி வைக்கவில்லை.

ஆட்டம் கண்டால் கோடாலியைத் தண்ணீரில் ஊறப்போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு இறுகும். காதுக்குள் உப்பிய மரம் இரும்போடு மோதி நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிடத் தளர்ந்துவிடும். அடுத்த வாரம் ஒரு ஆணி. தாத்தாவின் மூன்று ஆணிக்கும் இதுதான் கதையாக இருக்கும். நான் பெயின்ட் கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெயைத் தடவினேன். அது மரத்துக்குள் போய் இறுகும், விளக்கெண்ணெய்போலப் பிசுபிசுக்காது. ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெயிலில் காயப்போட வேண்டும்.

வேலை

ஜூன் முதல் வாரம், வாசலில் காய்ந்த புளியங்கட்டையில் முதல் போடு. முப்பது நாற்பது போட்டுக்கு மேல் என்னால் முடியவில்லை, உள்ளங்கையில் கொப்புளம். வாய் மடங்கவில்லை, பல் விழவில்லை. நீலம் இருந்த முனையில் அரம் அவ்வளவாகக் கடிக்காமல் வழுக்கியது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து அப்பத்தா, "தூக்குறதுக்கு மட்டும் பலம் போடு, இறக்குறதுக்கு அது போடும்" என்றாள். சொன்னபடி செய்தேன். இன்னும் இருபது போட முடிந்தது. அவள் எப்போதாவது கோடாலி பிடித்திருக்கிறாளா என்று கேட்டேன். "தூர் பொளந்தது யாருன்னு நெனச்ச?"

அதுவரைக்கும் தாத்தாவின் கோடாலி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பிடங்கில் விழுந்த சம்மட்டி அடிகளில் பாதி அவளுடையது.

நண்பர் ஒருவர் அதைக் கூடத்துச் சுவரில் மாட்டி விளக்குப் போடச் சொன்னார். கதவுக்குப் பின்னால், வாய் சுவரைப் பார்க்க, சாத்தி வைத்திருக்கிறேன். தையல் மெஷின் எண்ணெய் மாதம் ஒரு தடவை. போன ஆவணியில் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு விறகு பிளக்க இரவல் போனது. திரும்பி வந்தபோது நடுவாயில் சின்னப் பல், ஒரு மில்லிமீட்டர் இருக்கும். கட்டைக்குள் ஆணி இருந்திருக்கிறது. வாங்கிப் போனவர் ரொம்பச் சங்கடப்பட்டார். பரவாயில்லை என்று சொல்லி அரத்தை எடுத்தேன். இப்போது நடுவில் 26 மில்லிமீட்டர்.